எதிரியின் படைக்கு வண்ணம்

பிப்ரவரி 3, செவ்வாய்

பல் செய்யும் லேபில் இன்று முழுக்க முன்பற்கள்தான். ஒரு கல்யாணப் பெண்ணுக்கு இரண்டு செய்ய வேண்டியிருந்தது. டாக்டரிடமிருந்து போன் மேல் போன். பக்கத்துப் பல்லின் படத்தை எதிரில் வைத்துக்கொண்டு, நுனியில் இருப்பதே தெரியாத அளவுக்கு நீலம், ஈறோரம் கொஞ்சம் மஞ்சள், நடுவில் மயிரிழை போல ஒரு கீறல் என்று ஒவ்வொரு பூச்சாக ஏற்றினேன். வெறும் வெள்ளையை அடித்துக் கொடுத்தால் அது பல்லாக இருக்காது, பீங்கானாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து அதே கையால் ஒரு லாரியின் டயரில் சேறு பூசினேன். கட்டைவிரல் நுனி அளவு லாரி.

இன்று நான் வாய் திறந்து பேசியதெல்லாம்: லேபில் “சரிங்க டாக்டர்.” கடையில் “பை வேணாம்.” படிக்கட்டில் கீழ்வீட்டுப் பூனையிடம் “நகரு.” பூனை மட்டும்தான் என் முகத்தைப் பார்த்தது.

பிப்ரவரி 7, சனி

இந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் என்று எழுதினால் மிகையாக இருக்கும். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

டியூஷன் சென்டரின் மாடி. பிள்ளைகள் போனதும் வாத்தியார் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பச்சைத் துணி விரிப்பார். அட்டையில் செய்த மேடு, நீல ரிப்பன் ஆறு, தீப்பெட்டி வீடுகள். அதன்மேல் எங்கள் டாங்குகளும் லாரிகளும் பீரங்கி வண்டிகளும். டேப் வைத்து அளந்து நகர்த்துவோம், பகடை உருட்டிச் சுடுவோம். வருகிறவர்கள் நாலைந்து பேர். எல்லாருமே நரைத்த ஆட்கள். பெண் நான் ஒருத்திதான். முன்பொரு முறை வாத்தியாருக்குப் பல் செய்து கொடுத்தேன். நன்றி சொல்ல லேபுக்கு வந்தவர், பையிலிருந்து ஒரு டாங்கை எடுத்து, “இதுக்கும் இப்படி நிறம் சேர்த்துத் தர முடியுமாம்மா?” என்று கேட்டார். அப்படி ஆரம்பித்தது. அங்கே எனக்குப் பேர் பல்லக்கா. நான் படியேறி வரும்போதே கர்னல் குரல் கொடுப்பார்: “பல்லக்கு வந்தாச்சு, தூக்குங்கப்பா!”

கர்னல் பட்டாளத்தையே பார்த்ததில்லை. லிஃப்ட் மெக்கானிக். நெட்டையான ஆள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையை மேற்பார்வை பார்ப்பதால் அந்தப் பேர். என் எதிர்ப்படை எப்போதும் அவர்தான். அவர் பல் எனக்கு மனப்பாடம், மேல்வரிசையில் இடது முன்பல்லின் மூலை உடைந்திருக்கும். வீடு எங்கே என்று தெரியாது. சொந்தப் பேர் தெரியாது. வருஷக்கணக்காக ஒருவர் படையை ஒருவர் அழித்துக்கொண்டிருக்கிறோம், கேட்கத் தோன்றியதே இல்லை.

அவர் படைக்கு வண்ணம் கிடையாது. டப்பாவிலிருந்து எடுத்த சாம்பல்நிற பிளாஸ்டிக்காகவே இருக்கும். இன்று ஆட்டம் முடிந்ததும் ஒரு செருப்புப் பெட்டியை என்னிடம் நீட்டினார். உள்ளே மொத்தப் படையும், பன்னிரண்டு வண்டிகள்.

“நீங்கதான் இதுக்குப் பெயின்ட் அடிச்சுத் தரணும்.”

“இத்தனை வருஷம் அம்மணமா சண்டை போட்டீங்க. இப்ப என்ன திடீர்னு வெக்கம்?”

சிரித்தார். “பெருசா ஒண்ணும் வேணாம். தள்ளி நின்னு பார்த்தா எது டாங்க், எது லாரின்னு தெரிஞ்சாப் போதும். கொஞ்சம் சீக்கிரமா குடுங்க.”

பேசும்போது என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய வாய்ப்பாட்டைப் பார்த்தே பேசினார். கொஞ்ச நாளாக இப்படித்தான். என் முகத்தில் அப்படி என்ன இருக்கிறது?

பிப்ரவரி 8, ஞாயிறு

தம்பி போன்.

“அக்கா, மாடி கட்டி முடிச்சாச்சு. உனக்குன்னு தனி ரூம், பாத்ரூமோட. அங்க தனியா உக்காந்துக்கிட்டு என்ன பண்றே?”

“பெயின்ட் அடிக்கறேன்.”

பின்னாலிருந்து அவன் மனைவி: “ஊருல எல்லாரும் நகத்துக்குப் பாலிஷ் போடுவாங்க. உங்க அக்கா பீரங்கிக்குப் போடறாங்க!”

நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதானே. போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது. கழற்ற மறந்துபோயிற்று.

பிப்ரவரி 12, வியாழன்

கர்னலின் வண்டிகளுக்கு அடிப்பூச்சு போட்டாயிற்று. கறுப்பு. காய்கிறது.

நிஜ டாங்க் வெயிலில் நின்றால் அதன் மேல்தட்டு மின்னும், அடியில் தானாக நிழல் விழும். கட்டைவிரல் அளவு டாங்கில் வெளிச்சம் அந்த வேலையைச் செய்யாது. எல்லாப் பக்கமும் ஒரே பச்சையாகத்தான் தெரியும். அதனால் வெயிலையும் நாம்தான் பூச வேண்டும், நிழலையும் நாம்தான் பூச வேண்டும். முதலில் பச்சை. பிறகு தண்ணீர்போலக் கரைத்த கரும்பழுப்பு. ஊற்றினால் அதுவே இடுக்குகளைத் தேடி ஓடித் தங்கிக்கொள்ளும். அது நிழல். கடைசியில் வெளிர்பச்சையில் பிரஷைத் தோய்த்து, துணியில் துடைத்து, ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத பிரஷால் விளிம்புகளை வருட வேண்டும். அது வெயில்.

கல்யாணம், குடித்தனம், கோர்ட்டு என்று நான் கைவைத்தவற்றில் எதிலும் எனக்கு இவ்வளவு பொறுமை இருந்ததில்லை.

பிப்ரவரி 21, சனி

“முடிஞ்சுதா?” என்றார் கர்னல். வாய்ப்பாட்டைப் பார்த்துத்தான்.

“அவசரப்பட்டா அவசரம்தான் தெரியும். பொறுங்க.”

வாத்தியாரின் பழைய படையை இரவல் வாங்கி ஆடினார். நேராக ஆற்றுக்குள் ஒரு டாங்கை இறக்கிவிட்டு, “குளிக்கட்டும், பாவம்” என்றார். எல்லாரும் சிரித்தோம்.

உண்மையை எழுதிவிடுகிறேன். இந்த இரண்டு வாரத்தில் முடித்திருக்கலாம். முடித்துக் கொடுத்துவிட்டால் அப்புறம் என்னிடம் கேட்க அவருக்கு என்ன இருக்கும்?

மார்ச் 4, புதன்

நான் இதுவரை செய்ததிலேயே இவைதான் மேல். பெரிய டாங்கின் பக்கவாட்டில் துரு வழிந்து இறங்குகிறது, மழை பெய்து ஓய்ந்த மாதிரி. லாரிகளின் தார்ப்பாய் மடிப்புகளில் நிழல் மூன்று படியாக இருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் மூன்றும் தெரியும். ஓட்டுநர் இருக்கைப் பக்கம் மிதிபட்டுத் தேய்ந்த இடத்தில் மட்டும் துளி வெள்ளி.

யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. சன்னல் வரை போய்த் திரும்பினேன்.

மார்ச் 14, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

இன்று ஆரம்பத்திலிருந்தே கர்னல் ஆட்டம் சரியில்லை. டேப்பை வைத்தார், ஆறு இஞ்சு போக வேண்டிய டாங்க் எட்டு போயிற்று. விட்டுவிட்டேன். பகடையில் மூன்று விழுந்தது, “அஞ்சு” என்றார். எடுத்துக்கொண்டார். அதையும் விட்டேன். பிறகு என் லாரியை — என்னுடையதை — தூக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். எங்கள் கூட்டத்துப் பேங்க்காரர் பக்கத்து மேசையிலிருந்து, “கர்னல், கண்ணு பொடனியிலயா இருக்கு? நல்லாத் திருடறாருய்யா!” என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருந்ததா?

“ஜெயிக்கணும்னா நேரா ஜெயிங்க கர்னல். இந்தப் பொழப்பு எதுக்கு?”

பொழப்பு. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது எனக்கு? என்னை அவர் பார்ப்பதில்லை என்ற எரிச்சலெல்லாம் சேர்ந்து வந்துவிட்டது போல.

கையிலிருந்த பகடையை மேசைமேல் மெதுவாக வைத்தார். “சரிங்க” என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். பாதி ஆட்டம் மேசைமேல் அப்படியே கிடந்தது.

மார்ச் 15, ஞாயிறு

போன் செய்தேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை.

நான் சொன்னது தப்பா? மூன்று விழுந்தது. மூன்றுதான் விழுந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் இத்தனை வருஷத்தில் அரை இஞ்சு ஏமாற்றியவர் இல்லை. ஒரு முறை நான் பார்க்காமல் விட்ட என் வாய்ப்பை அவரே எடுத்துச் சொல்லித் தோற்றிருக்கிறார். அப்படிப்பட்ட ஆள் ஒரு ஓட்டை லாரிக்காகத் திருடுவாரா?

மார்ச் 21, சனி

வரவில்லை. வாத்தியார் சொல்கிறார், “ஏதாவது வேலையா இருக்கும்மா.” பேங்க்காரரோடு ஆடினேன். ஜெயித்தேன். சப்பென்று இருந்தது.

மார்ச் 28, சனி

வரவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

பன்னிரண்டும் முடிந்தன. சாப்பாட்டு மேசையில் வரிசையாக நிற்க வைத்திருக்கிறேன். தட்டு வைக்க இடமில்லை, நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

ரிங் போகிறது. எடுப்பதில்லை. வாத்தியாரிடமும் முகவரி இல்லை. “கர்னல்னுதான் நம்பரே போட்டு வெச்சிருக்கேன், என்னம்மா பண்றது?” என்கிறார். ஒரு மனுஷனை உடைந்த பல்லோடு சேர்த்து இவ்வளவு தெரியும், இருக்கிற தெரு தெரியவில்லை. நான் நாளைக்கு லேபுக்குப் போகாமல் விழுந்து கிடந்தால் இவர்கள் மட்டும் என்ன செய்வார்கள்? பல்லக்கா என்று யாரைப் போய்க் கேட்பார்கள்?

ஏப்ரல் 12, ஞாயிறு

தம்பி நேரிலேயே வந்துவிட்டான். பை நிறையப் பழம். குழாய் ஒழுகுவதைப் பார்த்து அவனே வாஷர் மாற்றினான். நல்லவன். சின்ன வயதிலிருந்தே யாராவது அழுதால் எதையாவது பழுதுபார்க்க ஆரம்பித்துவிடுவான்.

“முன்ன மாதிரி இல்லக்கா நீ. இளைச்சிட்டே. வந்துடேன்.”

பிறகு என் படைகள் இருக்கும் அலமாரியைத் திறந்து பார்த்தான். “இதையெல்லாம் என்ன பண்ணப் போறே? அங்க பிள்ளைங்க எடுத்து வாயில போட்டுக்கும்.”

“யாருக்காவது குடுத்துடலாம்.”

“அப்ப வர்றியா?”

சரி என்று சொல்லிவிட்டேன். மே கடைசியில். அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்கப் போட்ட மரப்பு ஊசி போல, கன்னம் யாருடையதோ போல இருக்கிறது.

ஏப்ரல் 16, வியாழன்

லேப் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. சரிசெய்ய வந்தவர் கிரீஸ் கையோடு படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தாண்டிப் போனவள் திரும்பி வந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஊரில் எத்தனை மெக்கானிக் இருப்பார்கள்?

“ஏங்க, உங்க தொழில்ல நெட்டையா ஒருத்தர். முன்பல்லு மூலை உடைஞ்சிருக்கும். கையைப் பின்னால கட்டிட்டு நிப்பார்.”

“கர்னலா?”

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“எங்க கம்பெனியிலயும் அதாங்க பேரு. இப்ப வேலையை விட்டுட்டாரு. மரக்கடை இருக்கில்ல, அதுக்கு எதிர்ச் சந்து, கடைசி வீடு.” கொஞ்சம் தயங்கினார். “போய்ப் பாருங்க. யாரும் போறதில்ல.”

ஏப்ரல் 18, சனி

போனேன். செருப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

உள்ளே தையல் மெஷின் சத்தம். கதவைத் திறந்த அம்மாளின் கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது.

“அளவு குடுக்க வந்தீங்களா?”

“இல்லீங்க. சாரைப் பார்க்கணும். சனிக்கிழமை நாங்க... டாங்க்...”

என்னை மேலும் கீழும் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். திரும்பி உள்ளே பார்த்து ஒரே கத்தல்: “ஏங்க! எதிரி வந்திருக்காங்க!”

பிறகு என்னிடம்: “எதிரி பொம்பளைன்னு இந்த மனுஷன் ஒரு நாளாச்சும் சொன்னாரா? ‘இன்னிக்கு எதிரி பாலத்தைப் புடிச்சிருச்சு, இன்னிக்கு எதிரி என்னை நசுக்கிருச்சு’ன்னு வாராவாரம் புலம்பல். நான் யாரோ பெரிய மீசைக்காரன்னு நெனச்சிட்டிருந்தேன். உள்ள வாங்க.”

சன்னலோரம் உட்கார்ந்திருந்தார் கர்னல். எழுந்து நின்றார். நிலைப்படியைப் பார்த்து, “உக்காருங்க பல்லக்கா” என்றார்.

மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. பெட்டியைத் திறந்து கைக்கு வந்த வண்டியை அவரிடம் கொடுத்தேன். பூச்சு கெடக்கூடாதென்று அடித்தட்டை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, சன்னல் வெளிச்சத்தில் தூக்கி, தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“ரொம்ப நல்லா வந்திருக்கு. அந்தப் பீரங்கிக் குழல்ல துரு ஏத்தியிருக்கீங்களே, அடடா!”

அவர் கையில் இருந்தது லாரி. லாரிக்கு ஏது பீரங்கி?

தையல் மெஷின் நின்றது. “போதும். சொல்லிடுங்க” என்றார் அவர் மனைவி.

சொன்னார். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. “யாரோ கட்டைவிரலை வெச்சு அழுத்தின மாதிரி நடுவுல ஒரு புகை. ஓரத்துல இருக்கறதெல்லாம் தெரியும். எதை நேராப் பார்க்கறேனோ அது காணாமப் போயிரும்.” போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றக் கண்ணில் ஊசி போடுகிறார்கள். மறைத்து மறைத்து வேலைக்குப் போயிருக்கிறார். போன மாதம் லிஃப்ட் மேலே நின்று ஒரு ஒயரை மாற்றிச் சொருகிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கீழே இறங்கி வந்து, “இனிமே என்னை மேல ஏத்தாதீங்க” என்று அவரே போய்ச் சொல்லியிருக்கிறார்.

“அன்னிக்கு எங்ககிட்ட ஏன் சொல்லல? நான் அப்படிப் பேசினேனே, வாயைத் திறந்திருக்கலாமே?”

“திருடன்னு சொன்னீங்க, கோவிச்சுக்கிட்டு வந்துட்டேன். அது பரவால்ல. குருடன்னா எல்லாரும் எந்திரிச்சு நின்னு வழி விடுவீங்க. அதான் என்னால முடியாது.”

பிறகு நான் கேட்டேன். ஏன் கேட்டேனோ, அது எனக்கு முக்கியமாக இருந்தது. “என்கிட்ட பேசறப்ப எப்பவும் அந்த வாய்ப்பாட்டையே பார்ப்பீங்களே...”

“உங்களைப் பார்க்கணும்னா வாய்ப்பாட்டைத்தானே பார்க்கணும்? நேராப் பார்த்தா நீங்க இருக்க மாட்டீங்க.”

அவர் மனைவி, பாவம், வழி சொன்னார்: “டாங்குக்கெல்லாம் சிவப்பு, லாரிக்கெல்லாம் மஞ்சள்னு அடிச்சிட்டா தெரியுமில்ல?” கர்னலுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “அப்புறம் அது படையில்ல, கிலுகிலுப்பை. பல்லு மொளைக்கற குழந்தைக்குக் குடு.”

பெட்டியை அங்கே வைத்துவிட்டு வரத்தான் போனேன். “ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு” என்று பொய் சொல்லித் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கே தெரியாமல் ஒரு வீட்டில் வாராவாரம் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

என் பழைய கண்ணாடியின் இரண்டு வில்லைகளிலும் நடுவில் வாஸ்லின் தடவினேன். போட்டுக்கொண்டு மேசையைப் பார்த்தேன்.

துரு இல்லை. சேறு இல்லை. மூன்று படி நிழல் இல்லை. பன்னிரண்டு வண்டிகளும் பன்னிரண்டு பாக்குக் கொட்டைகள். எது டாங்க், எது லாரி? செய்த எனக்கே தெரியவில்லை.

“தள்ளி நின்னு பார்த்தா தெரிஞ்சாப் போதும்” என்றுதானே கேட்டார்? முதல் நாளே கேட்டார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பூதக்கண்ணாடிக்கு வேலை செய்துகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 22, புதன்

சிவப்பு கூடாது, மஞ்சள் கூடாது. பச்சைப் படை பச்சையாகவே இருக்க வேண்டும், ஆனால் தெரிய வேண்டும். மிச்சமிருப்பது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். அவற்றைத்தான் ஏற்ற முடியும்.

ஒரு லாரியை எடுத்தேன். தார்ப்பாயின் மேல்பக்கம் ஏறக்குறைய எலுமிச்சை நிறம் வரை வெளுப்பு. கீழ்ப்பக்கம் ஏறக்குறைய கறுப்பு. நடுவில் இழைவு கிடையாது, வெட்டினாற்போல். விளிம்பெல்லாம் தந்த நிறத்தில் கோடு. கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் அசிங்கம், கூத்துக்காரன் முகம் போல.

வாஸ்லின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறையின் மறுகோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்தேன். ஓரத்தில் லாரி எழுந்து நின்றது.

ஏப்ரல் 27, திங்கள்

பெரிய டாங்கை மட்டும் கடைசிவரை ஒதுக்கி ஒதுக்கி வைத்தேன். அந்தத் துரு. மழை பெய்து ஓய்ந்த மாதிரி இறங்கிய அந்தத் துரு. ஒன்றை மட்டும் விட்டுவிடலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு பேரம் பேசியது.

இன்று அதன்மேலும் பூசிவிட்டேன். முதல் கோடு இழுக்கத்தான் கை வரவில்லை. அப்புறம் வந்துவிட்டது. டாங்குகளுக்கு மேல்கூண்டின் வட்டத்தில் வெயில், லாரிகளுக்கு நீளவாக்கில் வெயில், இழுவை வண்டிகளுக்கு முன்மூக்கில் மட்டும் வெயில். எல்லாவற்றுக்கும் ஒரே பக்கத்திலிருந்து.

மே 2, சனி

துணி வெட்டும் மேசையைக் காலி செய்து கொடுத்தார் கர்னலின் மனைவி. வண்டிகளைக் கலைத்து வைத்தேன். கர்னல் தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தையல் மெஷினைப் பார்த்தார். அப்படிப் பார்த்தால்தான் மேசை தெரியும்.

“அது லாரி.” தலையைச் சாய்த்தார். “அதுவும் லாரி. அது டாங்க். பெரிய டாங்க். அந்த மூலையில இருக்கறது... பீரங்கி இழுக்கற வண்டி.”

ஒன்றை மட்டும் தப்பாகச் சொன்னார். மற்றதெல்லாம் சரி. அவர் மனைவி வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுக்கவே மறந்துவிட்டார்.

“வெயில் இடப்பக்கம் மேலேருந்து அடிக்குதா பல்லக்கா?”

“ஆமாங்க.”

“மத்தியானம் தாண்டியிருக்கு.”

தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவர் டேப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆடினோம். அளப்பதும் பகடை சொல்வதும் அவர் மனைவி. தையல்காரரிடம் இஞ்சு டேப்பைக் கொடுத்தது நான் செய்த பெரிய முட்டாள்தனம். “கால் இஞ்சு குறையுது, சுட முடியாது” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறார். புருஷனுக்கும் அதே சட்டம்தான்.

மே 10, ஞாயிறு

தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

“வரலடா.”

“ஏன்? சரின்னுதானே சொன்னே?”

“சனிக்கிழமை எனக்கு இங்க வேலை இருக்கு.”

“சனிக்கிழமை உனக்கு லேபு லீவாச்சே?” பிறகு குரல் இறங்கிவிட்டது. “நாங்க உனக்கு யாருமில்லையா அக்கா?”

எப்படிச் சொல்வது? நீதானடா எனக்கு எல்லாம். ஆனால் உன் வீட்டு மாடியில் நான் அக்காவாக மட்டும்தான் இருக்க முடியும். இங்கே ஒரு வீட்டில் எனக்கு எதிரி வேலை இருக்கிறது.

இதைச் சொல்லவில்லை. “அடுத்த மாசம் வந்து பத்து நாள் இருக்கேன்” என்றேன். கோபமாகத்தான் வைத்தான்.

ஜூன் 13, சனி

வாத்தியாரும் பேங்க்காரரும் வந்திருந்தார்கள், கர்னல் வீட்டுக்கே. பேங்க்காரர் உட்கார இடம் கிடைக்காமல் துணி மூட்டைமேல் உட்கார்ந்தார். வண்டிகளைப் பார்த்துவிட்டு என் காதில், “என்னங்க, கார்ட்டூன் மாதிரி இருக்கு? உங்க வேலையா இது?” என்றார். ஆமாம், என் வேலைதான் என்றேன்.

பிறகு அவர் கர்னலிடம் போய், “அன்னிக்கு நான் ஏதோ...” என்று ஆரம்பித்தார்.

“சுடுங்க பேங்க்காரரே. பேச்சு வேணாம்” என்றார் கர்னல்.

ஜூலை 4, சனி

கர்னலுக்கு ஊசி போடும் நாள். ஆட்டம் இல்லை.

வீடு எப்போதும் போலத்தான் இருக்கிறது. குழாய்ச் சத்தம்கூட இல்லை, தம்பி வாஷர் மாற்றிவிட்டானே. லேபில் செய்த பற்களைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பூனையும் இல்லை. ஒரு சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டு மற்ற ஆறு நாளையும் தாண்ட முடியுமா என்று கேட்டால், முடிகிறது. சுலபமாக இல்லை.

சாயங்காலம் கர்னலின் மனைவி போன் செய்தார். ஊசி போட்டாயிற்று, கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறார் என்றார். அப்புறம், “எதிரி சாப்பிட்டாச்சான்னு கேக்கச் சொன்னாரு.”

“ஆச்சு” என்றேன். போனை வைத்த பிறகு எழுந்து சமைத்தேன்.

ஆகஸ்ட் 8, சனி

கர்னல் பார்வை இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இப்போது மேசைக்கு ஒரு விளக்கு போட்டிருக்கிறோம், இடப்பக்கம் மேலே, நான் பூசிய வெயில் வருகிற அதே பக்கம். அதன் வெளிச்சத்தில் இன்னும் தெரிகிறது என்கிறார். டாக்டர் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

தம்பி மாடி அறையை வாடகைக்கு விட்டுவிட்டான். காலையில் போனில் சொன்னான், கோபம் இல்லாமல்.

இன்று தோற்றேன். சும்மா தோல்வி இல்லை, துவைத்துக் காயப்போட்டுவிட்டார். என் டாங்குகளையெல்லாம் பாலத்துப் பக்கம் இழுத்துவிட்டு, லாரிகளை மேட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்து — லாரிகளை! — என் முதுகில் ஏறிவிட்டார். அவர் மனைவி மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் செல்லும். அந்த மனுஷன் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டு உடைந்த பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

நியாயமாகத்தான் ஜெயித்தார். அதுதான் தாங்கவில்லை. இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டு, அதற்கு அடுத்ததில் இறங்கி, யோசித்தபடியே நடந்து வந்தேன்.

மேட்டில் ஒரு டாங்க் இருந்தது. இருந்ததா இல்லையா? இருந்தது. அதை ஏன் கீழே இறக்கினேன்? யார் சொல்லி இறக்கினேன்?